மை காயலாமா?

எழுத்தாளனுக்கும் மைக்கும் உள்ள உறவு, உழவனுக்கும் மழைக்கும் உள்ள உறவைப் போன்றது. ஆனால் மழையைப் பற்றி உழவனுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட மையைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. கடையில் ஒரு புட்டி வாங்குவோம், பேனாவில் நிரப்புவோம், எழுத மறுத்தால் இரண்டு முறை உதறுவோம். உதறியதன் பலனைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய வெள்ளைச் சட்டை அனுபவிக்கும். அத்துடன் எங்கள் ஆராய்ச்சி முடிந்தது.

மையும் ஒரு ஜீவன் மாதிரி. அதற்குப் பசி உண்டு, தூக்கம் உண்டு, கோபம்கூட உண்டு என்று எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் எந்தப் புலவரும் அல்ல. கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு மனிதர். வயதில் என்னைவிட இளையவர் என்பதால் நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை ஐயா என்பார். அவருடைய தகப்பனாரும் இதே தொழில்தான். அந்தக் காலத்து இருட்டறையும், சிவப்பு விளக்கும், தொட்டியில் மிதந்து மெல்ல முகம் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படங்களும் இவருடைய பிள்ளைப் பிராயத்து ஞாபகங்கள். இப்போது அந்த இருட்டறையில் விளக்கு எரிகிறது. தொட்டி இருந்த இடத்தில் ஓர் அச்சு யந்திரம், பழைய போர்வை ஒன்றைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதல் தடவை நான் அந்த அறைக்குள் போனபோது, அவர் கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று இருந்தது. அதை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மருந்து கொடுக்குமுன் தாயார் புட்டியைக் குலுக்குவாளே, அந்த நிதானம்.

“என்ன தம்பி, டானிக்கா?” என்றேன்.

“மைங்கய்யா. புதுக் கார்ட்ரிட்ஜ். இதை அப்படியே மாட்டீறக் கூடாதுங்க. அடியில உக்காந்திருக்கும். எழுப்பித்தான் கூட்டிட்டுப் போகோணும்” என்றார்.

மை எதற்காக உட்கார வேண்டும்? அதுதான் முதல் பாடம்.

மையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சாயம், கடைக்காரர்கள் ‘டை மை’ என்பார்கள். மற்றொன்று வர்ணத்துகள், இதற்குப் பெயர் ‘பிக்மென்ட் மை’. ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். அது கரைந்து மறைந்துவிடும். எத்தனை நாள் வைத்தாலும் சர்க்கரை அடியில் வந்து உட்காராது. சாயம் அந்த ரகம். இன்னொரு டம்ளரில் அரைத்த சந்தனத்தைக் கலக்குங்கள். கலங்கி நிற்கும்; ஆனால் கரையாது. காலையில் வந்து பார்த்தால் மேலே தண்ணீர், கீழே சந்தனம். பிக்மென்ட் மை இந்த ரகம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வேண்டும் என்று ரசாயன சாஸ்திரிகள் அவற்றுக்குப் பிசின் உறை போட்டிருக்கிறார்கள் என்றாலும், மாதக் கணக்கில் அலமாரியில் கிடந்தால் கனமான துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத்தான் செய்யும்.

“அப்படியானால் கரைகிற மையையே வாங்கிவிடலாமே! குலுக்குகிற வேலை மிச்சம் அல்லவா?” என்று கேட்டேன்.

தம்பி சிரித்தார். “திருப்பூர்ப் பக்கத்துல வந்து இந்தக் கேள்வியைக் கேக்கறீங்களே!” என்றார்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சாயத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூரின் பனியனுக்கு வர்ணம் கொடுத்த தண்ணீர் நொய்யலில் இறங்கிற்று. ஆற்றோடு போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. கடைசியில் 2011-ம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. தண்ணீரில் கலங்கியதைத் தெளிய வைத்துவிடலாம். கரைந்ததைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சாயத்தின் குணமே அதுதான். ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரிந்து எங்கும் போய்விடும். காகிதத்தில் இறங்கும்போதும் அப்படித் தனித்தனி மூலக்கூறுகளாகத்தான் இறங்குகிறது. வெயில் வந்து தாக்கினாலும், காற்றிலுள்ள ஓசோன் வந்து தாக்கினாலும் அந்த மூலக்கூறுக்குத் துணை கிடையாது; வெளுத்துப்போகிறது. பிக்மென்ட் துகளோ, எத்தனையோ மூலக்கூறுகள் சேர்ந்த ஒரு கூட்டுக் குடும்பம். வெயில் வெளியில் இருப்பவர்களைத்தான் முதலில் சுடும்; உள்ளே இருப்பவர்கள் நெடுநாள் தாக்குப்பிடிப்பார்கள்.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் குமிட்டிபதி என்கிற ஊரில், பாறையில் வெள்ளை நிறத்தால் யானை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவன் யார், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டவன் என்று தெரியாது. யானை இருக்கிறது, அவன் உபயோகித்தது கரையாத மண் வர்ணம். நம் பாட்டனார்கள் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி அதன்மேல் பூசிய விளக்குக் கரியும் இதே குலம்தான். இன்றைக்கும் போட்டோ யந்திரத்தில் கறுப்பு மையாக இருப்பது அந்தக் கரியின் வம்சமே. முன்பு அகல் விளக்கின் மேல் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தோம். இப்போது தொழிற்சாலையில் பிடிக்கிறார்கள்.

இந்தக் கரியையும் வர்ணத்தையும் காகிதத்தின்மேல் தெளிப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த உபாயம் இருக்கிறதே, அது கதைக்காரன் கற்பனைக்கு எட்டாத ஒன்று. 1977-ம் ஆண்டு, ஜப்பானில் கானன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இசிரோ எண்டோ என்பவர் வேலை செய்துகொண்டிருந்தார். மை நிரப்பிய ஊசிக் குழல் ஒன்று மேஜைமேல் இருந்தது. சூடான பற்றுக்கோல், அதுதான் ஈயம் பற்ற வைக்கிற கருவி, தற்செயலாக அந்த ஊசியில் பட்டுவிட்டது. ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது. மேஜையைத் துடைத்துவிட்டுப் போகாமல், ஏன் அடித்தது என்று அவர் யோசித்தார். சூட்டில் மை குமிழியாகி, அந்தக் குமிழி மிச்ச மையை வெளியே தள்ளுகிறது என்று தெரிந்தது. அதிலிருந்து ஒரு வகை யந்திரம் பிறந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஹியூலெட் பாக்கார்டு கம்பெனிக்காரர்களும் தனியாக அதே முடிவுக்கு வந்து, 1984-ல் ‘திங்க்ஜெட்’ என்ற யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எப்ஸன் கம்பெனி வேறு வழி பிடித்தது. மின்சாரம் பட்டால் நெளியக்கூடிய ஒரு படிகத்தை வைத்து, சூடே இல்லாமல் மையைத் தள்ளுவது அவர்கள் முறை. அந்தக் கம்பெனிதான் 2000-ம் ஆண்டில் பிக்மென்ட் மையால் போட்டோ அச்சிடும் யந்திரம் ஒன்றைப் பொதுஜனங்களுக்கு விற்றது.

இந்த யந்திரம் காகிதத்தின்மேல் போடுகிற மைத்துளியை அளக்க ‘பிகோலிட்டர்’ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடி பாகம் போட்டால் அதில் ஒரு பாகம் ஒரு பிகோலிட்டர். ஒரு துளி சுமார் 2 அல்லது 3 பிகோலிட்டர். அது புறப்பட்டு வருகிற துவாரத்தின் அகலம் நம் தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ! இந்தத் துவாரத்துக்கு நாசில் என்று பெயர். ஒவ்வொரு வர்ணத்துக்கும் இப்படி நூற்றுக்கணக்கான நாசில்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இடமும் வலமுமாக ஓடுகிற பாகத்துக்கு ஹெட் என்று பெயர். தலை என்று வைத்தது பொருத்தந்தான். கெட்டுப்போனால் யந்திரத்தின் விலையில் பெரும் பகுதி அதற்கே போய்விடும்.

இனி ஆபத்து எங்கே என்று வாசகர்களே ஊகித்துவிடுவார்கள். துவாரமோ மகா சிறியது. வருகிற மையிலோ துகள் மிதக்கிறது. மேலே திறந்த காற்று. ஈரம் போய்விட்டால் துகளும் பிசினும் சேர்ந்து நாசில் வாயில் அடைத்துக்கொள்ளும். சாய மை காய்ந்தாலாவது மறுபடி ஈரம் பட்டால் அநேகமாகக் கரைந்து வழிவிடும். பிக்மென்ட் காய்ந்தால், சுவரில் அடித்த வர்ணம் காய்ந்த கதைதான். எந்தக் குணத்துக்காக அதைப் படத்தில் கொண்டாடுகிறோமோ, அதே குணம்தான் நாசிலில் சத்துருவாக நிற்கிறது. உறுதியான மனிதர்களோடு குடித்தனம் செய்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

ஆகவே இந்த யந்திரத்தை வைத்திருப்பவனுக்குச் சில நியமங்கள் உண்டு. தம்பி எனக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யந்திரம் வைத்திருக்கும் வாசகர் யாருக்காவது உதவும்.

முதலாவது, வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைக்கக் கூடாது. நம் நாட்டில் மின்சாரச் செலவுக்குப் பயந்து எல்லாரும் செய்கிற காரியம் அது. யந்திரத்திலேயே இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூலைக்குப் போய் உட்காரும். அங்கே ரப்பர் விளிம்பு வைத்த ஒரு மூடி கீழிருந்து எழும்பி நாசில்களை இறுக்க மூடும். பால் பாத்திரத்துக்குத் தட்டுப் போடுகிற மாதிரி. சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் நடுவழியில் வாயைத் திறந்தபடி நின்றாலும் நிற்கும்.

இரண்டாவது, யந்திரத்தைப் பட்டினி போடக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா வர்ணமும் ஓடும்படி ஒரு படம் போட வேண்டும். தம்பி இதற்கென்று பஞ்சவர்ணக் கிளி படம் ஒன்று வைத்திருக்கிறார். அட்டை அளவில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கிளி அச்சாகும். அந்தத் தெருவில் கிளிப் படம் இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் முதலில் பரிசோதனைக் கோடுகள் போட்டுப் பார்க்க வேண்டும். நாசில் செக் என்பது அதுதான். எந்த வர்ணத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறதோ, அங்கே அடைப்பு. அடைப்பு இருந்தால் ஹெட் கிளீனிங் என்று ஒரு கட்டளை கொடுக்கலாம். யந்திரம் தானே மையை உறிஞ்சி நாசிலைக் கழுவிக்கொள்ளும். ஆனால் கழுவுவதற்குத் தண்ணீர் கிடையாது. விலை உயர்ந்த அந்த மைதான் தண்ணீர். கழுவிய மை யந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சு மெத்தையில் போய்ச் சேரும். மெத்தை நிறைந்துவிட்டதாகக் கணக்குச் சொன்னால் யந்திரம் வேலைநிறுத்தம் செய்யும். ஆத்திரப்பட்டு ஐந்தாறு தரம் தொடர்ந்து கழுவினால், மையும் போய், காற்றுக் குமிழியும் உள்ளே புகுந்து, இருந்த கோடும் மறைந்துபோவது உண்டு. இரண்டு தரம் கழுவு. சரியாகாவிட்டால் மூடிவைத்துவிட்டுப் போய்த் தூங்கு. ராத்திரி முழுவதும் புது மையில் ஊறினால் காலையில் பாதி அடைப்பு தானே இளகிவிடும். இது தம்பியின் சித்தாந்தம்.

கார்ட்ரிட்ஜை அடிக்கடி கழற்றிப் பார்க்கக் கூடாது. உறையைப் பிரித்தால் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று சாய மையைக் கொண்டுவந்து பிக்மென்டோடு கலக்கக் கூடாது, இரண்டும் சண்டை போட்டுக் கட்டிதட்டிவிடும் என்றெல்லாம் சில்லறை விதிகளும் உண்டு. கோயமுத்தூருக்கென்றே ஒரு விதியும் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் இங்கே காற்று வறண்டு அடிக்கும். உதடு வெடிக்கிற காலத்தில் நாசிலும் வெடிக்கும் என்று சொல்லி, தம்பி அந்த மாதங்களில் யந்திரத்துக்குப் பக்கத்தில் அகலமான சட்டியில் தண்ணீர் வைத்துவிடுவார். குருவிக்கு வைத்த தண்ணீர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

இத்தனை சிரமம் எதற்காக என்ற கேள்விக்கு 2012-ம் வருஷத்தில் ஒரு நாள் ராத்திரி எனக்கு விடை கிடைத்தது.

அந்த வருஷத்தைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. கோயமுத்தூரில் எட்டு மணி, பத்து மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கழிந்த நாட்கள் உண்டு. பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1930-களில் வந்து சேர்ந்ததால் மில்லும் மோட்டாருமாகப் பெருகிய ஊர் இது. அந்த ஊரில் பட்டறைகள் மூடிக் கிடந்தன, விசைத்தறிகள் ஊமையாயின. மின்சாரம் இருக்கிற மணியை வைத்து மனிதர்கள் சாப்பாட்டையும் தூக்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள்.

பங்குனி மாதம். சூலூருக்கு அப்பாலிருந்து ஒரு கிழவியம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையில் அவளுடைய புருஷனுக்குக் கருமாதி. அவர் ஆயுளில் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதில்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டையில் இருப்பது அடையாளம் தெரியாத முகம். தேடித் தேடிப் பார்த்ததில், யாரோ பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்று அகப்பட்டது. பின்வரிசையில் ஓரமாக நிற்கிறார். முகம் கட்டைவிரல் நகத்தளவு. ஒரு தோள் வேறொருவர் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

தம்பி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கி, மத்தியானம் முழுவதும் துடைத்துத் திருத்தினார். மறைந்துபோன தோளுக்கு என்ன செய்வது? வழக்கமாக ஸ்டுடியோக்களில் ஒரு கோட்டும் டையும் ஒட்டிவிடுவார்கள். கொங்கு நாட்டில் எத்தனையோ குடியானவர்கள் செத்த பிறகுதான் கோட்டுப் போட்டுக்கொண்டார்கள். தம்பி அதையே சொல்லிப் பார்த்தார்.

“வேண்டாங் கண்ணு. அவரு கோட்டுப் போட்டதில்ல. அப்பறம் பேரனுக வேற ஆருன்னு நெனச்சுக்கும்” என்றாள் கிழவி.

வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டும் வரைந்து கொடுத்தார். அவள் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் அச்சு ஆரம்பித்தது. 12 அங்குலத்துக்கு 18 அங்குலம். தலைமுடி வந்தது, நெற்றி வந்தது, கண்கள் வந்தன. மூக்கின் பாதியில் மின்சாரம் போய்விட்டது. அறிவித்த நேரமாக இருந்தால் ஆரம்பித்தே இருக்கமாட்டார். இது அறிவிக்காத வெட்டு. யு.பி.எஸ். பெட்டியின் பாட்டரி அந்த வருஷத்து உழைப்பில் தேய்ந்து போயிருந்தது. இரண்டு நிமிஷம் கூவிவிட்டு அதுவும் ஓய்ந்தது. ஹெட் காகிதத்தின் நடுவில் நின்றது, மூடி இல்லாமல்.

வறண்ட பங்குனிக் காற்று. எத்தனை நேரம் ஆகுமோ தெரியாது. தம்பி முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டதை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே பார்த்தேன். கத்தவில்லை, மின்சார இலாகாவைத் திட்டவும் இல்லை. சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து, யந்திரத்துக்குள் ஹெட்டின் மேல் படாமல் ஓரமாக வைத்தார். மேல் கதவைச் சாத்தி, முழு யந்திரத்தையும் போர்வையால் மூடினார். உள்ளே இருக்கிற காற்று ஈரமாக இருந்தால் மை காய்வது தாமதிக்கும் என்பது கணக்கு.

பிறகு நாங்கள் மூன்று பேரும் வாசல்படியில் உட்கார்ந்தோம். கிழவியை ஊருக்கு அனுப்பிவிட்டுக் காலையில் படத்தைக் கொண்டுவந்து தருவதாகத் தம்பி சொன்னார். அவள் கேட்கவில்லை. “இருக்கறனுங் கண்ணு. ஊட்ல இருந்தாலும் தூக்கம் வரப்போறதில்ல” என்றாள். அவளுடைய புருஷன் தறி ஓட்டியவர். நாற்பது வருஷம் தறிச் சத்தத்திலேயே தூங்கியவளுக்கு, தறி நின்றுபோன ராத்திரிகள் பழக்கமாகவில்லையாம். அன்று அவள் சொன்ன விஷயங்களை வைத்து ஒரு நாவலே எழுதலாம். ஆனால் அவை அவளுடையவை.

தெருவில் இருட்டு. அந்தச் சமயத்தில் நான் தம்பியிடம் கேட்டேன். “பக்கத்துக் கடையில் சாய மையில் போட்டுக் கொடுக்கிறார்கள். விலையும் பாதி. யந்திரமும் இத்தனை பிடிவாதம் பிடிப்பதில்லை. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போகிறதா?”

“இன்னைக்குத் தெரியாதுங்கய்யா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்கே சில நேரம் தெரியாது” என்றார்.

“பிறகு என்ன?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அஞ்சு வருஷம் கழிச்சு வெளுத்துப்போச்சுன்னு வெச்சுக்கங்க. இந்த ஆத்தா வந்து எங்கிட்டச் சண்டை போட மாட்டாங்க. படம் மங்கிப்போச்சுன்னு நெனைக்கவே மாட்டாங்க. தனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க.”

நான் பதில் பேசவில்லை. தொழில் தர்மத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். நானே இரண்டொரு மேடையில் செய்தும் இருக்கிறேன். புகார் சொல்லத் தெரியாதவர்களுக்குச் செய்கிற வேலையில்தான் தர்மம் பரீட்சைக்கு வருகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மின்சாரம் பத்து மணிக்கு வந்தது. பாதி முகத்துடன் நின்ற காகிதத்தை மெதுவாக எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, தம்பி பரிசோதனைக் கோடுகள் போட்டார். வெளிர்நீலத்தில் இரண்டு மூன்று கோடு இல்லை. சாம்பல் வர்ணத்தில் ஒரு மூலையே காலி. மனித முகத்தின் நிழலெல்லாம் சாம்பலில்தான் இருக்கிறது. ஒரு தரம் கழுவினார். சாம்பல் திரும்பி வந்தது, நீலம் வரவில்லை. என் கை அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தத் துடித்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி வெட்டு உண்டென்று எல்லாருக்கும் தெரியும். தம்பியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “ஊறட்டுங்க” என்றார். முக்கால் மணி நேரம். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதை அன்று போல் நான் எப்போதும் பார்த்ததில்லை. பதினொன்று அடிக்கும்போது இரண்டாவது தரம் கழுவினார். கோடுகள் எல்லாம் வரிசையாக நின்றன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

பன்னிரண்டுக்குச் சற்று முன்பு படம் முழுவதும் வெளியே வந்தது. கிழவி அதைக் கையில் வாங்கவில்லை. மேஜைமேல் வைத்தபடியே குனிந்து வெகு நேரம் பார்த்தாள்.

“அழியாதுங்களா கண்ணு?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் ஹென்றி வில்ஹெல்ம் என்பவர், வர்ணப் படங்கள் எத்தனை நாள் நிற்கும் என்பதை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்டவர். 1993-ல் இதைப் பற்றி 700 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் போட்டார். பலத்த வெளிச்சத்தில் படத்தைக் குறுகிய காலம் காட்டி, அதிலிருந்து கணக்குப் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் பட்டால் இத்தனை வருஷம் என்று அவருடைய ஆராய்ச்சிக்கூடம் சொல்கிறது. நல்ல பிக்மென்ட் மைக்கும் ஏற்ற காகிதத்துக்கும் நூறு வருஷத்தைத் தாண்டிய கணக்குகளும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் கற்பூரப் புகை இல்லை. ஓட்டு வீட்டில் மழைக்குச் சுவர் ஊறுவது இல்லை. மேற்கு ஜன்னலில் நுழையும் நாலு மணி வெயில் இல்லை.

தம்பி நூறு வருஷம் என்று சொல்லவில்லை. “வெயில் படாத சுவத்துல மாட்டுங்க ஆத்தா. கண்ணாடி போட்ட சட்டத்துல வெய்யுங்க. ஊதுவத்தியை ஒரு முழம் தள்ளி வெய்யுங்க. அப்பறம் அது பாத்துக்கும்” என்றார். வழக்கமான கூலியைத்தான் வாங்கிக்கொண்டார். கெட்டுப்போன காகிதத்துக்கும் கழுவிய மைக்கும் கணக்குப் பார்க்கவில்லை.

படங்களைப் பொறுத்தமட்டில் நம் தலைமுறை ஒரு வேடிக்கையான தலைமுறை. தாத்தா காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படம், வெள்ளி உப்பில் பிறந்தது, இன்னும் கம்பீரமாக இருக்கிறது. எண்பதுகளில் ஆசை ஆசையாய் எடுத்த வர்ணக் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண் முதல் வாழைமரம் வரை எல்லாம் செம்மை பாய்ந்து கிடக்கிறது. இன்றைய படங்களுக்கோ காகிதமே கிடையாது. டெலிபோனோடு பிறந்து டெலிபோனோடு போகின்றன. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் பிடித்தார். அவர் பிறந்த கலங்கல் கிராமம் அந்தக் கிழவியின் ஊருக்கு அதிக தூரமில்லை. சக்கரவர்த்தியின் கடைசி யாத்திரைக்குக் கொங்கு நாட்டிலிருந்து ஒரு காமிரா போயிற்று. தறிக்காரருக்கு ஆயுள் முழுவதும் ஒரு காமிரா கிடைக்கவில்லை. அந்தக் குறையை ஒரு சிங்காநல்லூர் அறையில், ஈரத்துணியும் பொறுமையுமாகத் தீர்த்துவைத்தார்கள்.

ஏழு வருஷம் கழித்து, 2019-ல், வேறு காரியமாகச் சூலூர்ப் பக்கம் போனபோது அந்த வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கிழவி இருந்தாள். கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. சுவரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றார். சட்டையின் வெள்ளையும் மீசையின் நரையும் அன்று பார்த்தபடியே இருந்தன. ஊதுவத்தி ஒரு முழம் தள்ளி இருந்தது.

அதற்குப் பக்கத்திலேயே மிகப் பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. தலைப்பாகை கட்டிய ஒருவர், துளிக்கூட மங்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது யாரம்மா?” என்று கேட்டேன். “மாமனாருக்குச் சொந்தம்னு சொல்லுவாங்க. பேரு தெரியலீங்க. தெரிஞ்சவங்க எல்லாம் போயிட்டாங்க” என்றாள்.

மை காயாமல் பார்த்துக்கொள்ளத் தம்பியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். பெயர் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ளவர்கள் வேலை. இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டுச் சுவரிலிருக்கும் பெரியவர்களின் படங்களைக் கீழே இறக்கி, தூசி தட்டி, பின்பக்க அட்டையில் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதி வைத்துவிடுவது நல்லது. அதற்குப் பென்சிலே போதும்.